அகராதிப் பணிக்கும் கணினிமொழியியல் பணிக்கும் ஆள் தேடுவோருக்கு ஒரு திறந்த மடல்

பல்கலைக்கழக மொழித்துறைகளின் தலைவர்களுக்கும், அகராதிப் பதிப்பகங்களின் பொறுப்பாளர்களுக்கும், மொழித்தொழில்நுட்ப நிறுவனங்களில் பணியமர்த்தும் அலுவலர்களுக்கும், மொழி ஆய்வுத் திட்டங்களுக்கு நிதி ஒதுக்கும் அமைப்புகளுக்கும் வணக்கம்.

கணினிமொழியியலும் அகராதியியலும் கற்றுவிட்டு வேலை தேடுகிற இளைஞர்கள் உங்கள் பணியிட அறிவிப்புகளை எனக்கு அனுப்பி, தாங்கள் இதற்குத் தகுதியானவர்கள்தாமா, இந்த வேலையை நம்பிப் போகலாமா என்று கேட்கிறார்கள். அகராதித் தொகுப்பிலும், உரைகளைக் கணினியில் தேடத்தக்கபடி திரட்டிவைக்கும் உரைத்தரவகப் பணியிலும் நெடுங்காலம் இருந்தவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். ஆனால் அறிவிப்பை எத்தனை முறை படித்தாலும், பணியில் சேர்பவர் நாள்தோறும் என்ன செய்வார் என்பது பெரும்பாலும் எனக்கே விளங்குவதில்லை. பணியிடத்தின் பெயர் இருக்கிறது. கல்வித் தகுதிகளும் விரும்பத்தக்க தகுதிகளும் நீண்ட பட்டியலாக இருக்கின்றன. செய்ய வேண்டிய வேலையைத்தான் காணவில்லை. வேலை இன்னது என்று அறிந்து அறிவிப்பை எழுதத் தொடங்கினால் பணிக்காலம், ஊதியம், தேர்வு முறை ஆகிய மூன்றையும் நீங்கள் மாற்றியே ஆகவேண்டியிருக்கும் என்பது என் உறுதியான எண்ணம். அதைக் காரணங்களோடு உங்கள் முன் வைக்கிறேன்.

ஒரே அறிவிப்பில் ஒட்டவைக்கப்படும் இரண்டு தொழில்களை முதலில் பிரித்துச் சொல்ல வேண்டும். அகராதியியலாளர், ஒரு சொல் இடம்பெறும் நூற்றுக்கணக்கான வரிகளைத் தரவகத்திலிருந்து எடுத்துப் படிக்கிறார். எந்த வரிகள் ஒரே பொருளில் சேரும், எந்த இடத்தில் வேறொரு பொருள் தொடங்குகிறது என்று தீர்மானிக்கிறார். ஒவ்வொரு பொருளுக்கும், விளக்கப்படும் சொல்லான தலைச்சொல்லைவிடக் கடினமான சொற்கள் வராதபடி விளக்கம் எழுதுகிறார். பேச்சு வழக்கா, வட்டார வழக்கா, அருகிய வழக்கா என்று குறிக்கிறார். அந்தப் பொருளை ஐயமின்றிக் காட்டுகிற மேற்கோளைத் தேர்ந்தெடுக்கிறார். தொடர்புடைய பிற பதிவுகளோடு முரண்படாமல் பார்த்துக்கொள்கிறார். கணினிமொழியியலாளர், உரையைச் சொற்களாகவும் வாக்கியங்களாகவும் பிரிக்கும் நிரலை அமைக்கிறார்; விகுதிகளையும் வேற்றுமை உருபுகளையும் பிரித்துப் பகுதியைக் காணும் உருபனியல் பகுப்பியை உருவாக்குகிறார்; சொற்களின் இலக்கண வகை போன்றவற்றை உரையில் குறியிடுவதற்கான நெறிகளை எழுதி, ஒரே வாக்கியத்தைப் பார்க்கும் இரண்டு குறியிடுநர்கள் எந்த அளவுக்கு ஒத்துப்போகிறார்கள் என்று அளக்கிறார்; கருவி தவறுகிற இடங்களை வகைப்படுத்தி ஏன் தவறுகிறது என்று கண்டறிகிறார். இருவருக்கும் மொழிதான் பொருள், தரவுதான் சான்று. ஆனாலும் ஒருவருடைய தேர்ச்சி மற்றவருக்குத் தானாக வந்துவிடாது. அருமையான விளக்கங்கள் எழுதுகிற ஒருவர் பைத்தான் நிரலில் திணறலாம். பகுப்பியைத் திறம்பட அமைக்கிற ஒருவர் ஒரு வினைச்சொல்லின் பொருள்களைப் பிரிக்கத் தெரியாமல் நிற்கலாம். அதில் எவருக்கும் இழுக்கு இல்லை.

இவ்விரு தொழில்களும் ஓரிடத்தில் சந்தித்தபோது விளைந்த நன்மைகளை நீங்கள் அறிவீர்கள். 1961ஆம் ஆண்டில் அச்சான அமெரிக்க ஆங்கில உரைகளிலிருந்து 500 மாதிரிகளை எடுத்து, பத்து இலட்சம் சொற்களைக் கணினியில் ஏற்றிப் பிரவுன் பல்கலைக்கழகத்தார் தொகுத்த தரவகம் 1960களில் பெரிய முயற்சியாக இருந்தது. 1987இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்கிளேர் தலைமையில் உருவான கோபில்ட் ஆங்கில அகராதி, தலைச்சொல் தேர்வு முதல் எடுத்துக்காட்டு வரை தரவகச் சான்றையே அடிப்படையாகக் கொண்டது. 1990களில் பத்துக் கோடிச் சொற்களோடு பிரிட்டிஷ் தேசியத் தரவகம் வந்தது. ஒரு சொல் எந்தெந்தச் சொற்களோடு எந்த இலக்கண உறவில் சேர்ந்து வருகிறது என்பதை ஒரே பக்கத்தில் தொகுத்துக் காட்டும் சொற்சித்திர முறையைக் கணினிமொழியியலாளர் ஆடம் கில்கரிஃப் வகுத்தார். 2002இல் வெளியான மாக்மில்லன் அகராதியின் தொகுப்பாளர்கள் அதை முதன்முதலாகப் பயன்படுத்தினார்கள். நல்ல எடுத்துக்காட்டு வாக்கியங்களைக் கணினியே முன்தேர்வு செய்து தரும் முறை 2008இல் அறிவிக்கப்பட்டது. இந்தக் கருவிகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால், எது நல்ல எடுத்துக்காட்டு, எது பொருட்படுத்தத்தக்க சேர்க்கை என்று தம் அனுபவத்திலிருந்து சொன்ன அகராதித் தொகுப்பாளர்கள் இருந்தார்கள்; அதைக் கேட்டு நிரலாக மாற்றத் தெரிந்தவர்களும் இருந்தார்கள்.

இந்த வரலாற்றிலிருந்து இரு தொழிலையும் அறிந்த ஒரே ஆள் போதும் என்ற முடிவுக்குப் பலர் வந்துவிட்டதுபோல் தெரிகிறது. அகராதித் தொகுப்பில் அனுபவம், பொறிவழிக் கற்றலில் (தரவிலிருந்து கணினியைக் கற்கவைப்பதில்) தேர்ச்சி, இரண்டு மூன்று மொழிகளில் புலமை, வலைத்தளம் அமைக்கும் திறன், திட்ட மேலாண்மை என்று அத்தனையும் ஒருவரிடம் கேட்கிற அறிவிப்பைப் பார்க்கும்போது, இந்த வேலையை யார் செய்வது என்று அறிவித்தவர்களே இன்னும் முடிவு செய்யவில்லை என்றுதான் தோன்றுகிறது. நிதி ஓர் இடத்துக்கு மட்டுமே இருக்குமானால் இருக்கட்டும். அந்த ஓர் இடத்தின் முதன்மைப் பணி எது, துணைப்பணி எது, மற்றதற்கு யார் உதவுவார்கள் என்பதை எழுதுங்கள். பணியேற்பவர் வாரத்தின் பெரும்பகுதியை விளக்கம் எழுதுவதில் கழிப்பாரா, பழைய அகராதியின் அச்சுப் பக்கங்களைக் கணினி எழுத்தாக மாற்றும்போது நேர்ந்த எழுத்துணரிப் பிழைகளைத் திருத்துவதில் கழிப்பாரா என்பது அவருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். இரண்டும் மதிப்புள்ள வேலைகள். ஒன்றின் பெயரால் மற்றொன்றுக்கு ஆள் எடுப்பதுதான் தவறு.

இப்போது பணிக்காலத்துக்கு வருகிறேன். இந்த மடலை எழுதத் தூண்டியதே இதுதான்.

அகராதி வேலை எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதை அறிந்துகொள்ள ஊகம் தேவையில்லை. ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதிக்கு ஜேம்ஸ் மரே பொறுப்பேற்ற 1879இல், நான்கு தொகுதிகள் பத்தாண்டுகளில் முடியும் என்று கணக்கிட்டார்கள். ஐந்தாண்டுகள் கழித்து வந்த முதல் பகுதி, முதல் எழுத்தைக்கூட முடிக்கவில்லை. மரே 1915இல் மறைந்தார். அகராதி 1928இல் முற்றுப்பெற்றது. கிரிம் சகோதரர்கள் 1838இல் தொடங்கிய ஜெர்மன் அகராதி 1961இல்தான் முடிந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் அசிரிய அகராதி 1921 முதல் 2011 வரை நீண்டது. ஸ்வீடிஷ் அகாதெமியின் அகராதி 1893இல் வெளிவரத் தொடங்கி 2023இல் கடைசி எழுத்தை எட்டியது. மியூனிக்கில் 1894இல் தொடங்கிய இலத்தீன் பேரகராதிப் பணி இன்றும் நடக்கிறது. நம் மொழியில், சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பணி 1913இல் தொடங்கி, 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும் பிறகு அனுபந்தமாகவும் வெளிவந்தது. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட தலைச்சொற்களைக் கொண்ட அந்த வேலை, பதிப்பாசிரியர் பொறுப்பு கைமாறி, 1926இல் எஸ். வையாபுரிப் பிள்ளை ஏற்ற பிறகு நிறைவை எட்டியது.

இவையெல்லாம் தாளிலும் அட்டையிலும் நடந்தவை, கணினி வந்தபின் காலம் சுருங்கிவிட்டது என்று நீங்கள் சொல்லக்கூடும். தேடுகிற வேலையும் அடுக்குகிற வேலையும் சுருங்கியிருப்பது உண்மைதான். படித்துத் தீர்மானிக்கிற வேலை சுருங்கவில்லை. முன்பு ஒரு சொல்லுக்குச் சில பத்து மேற்கோள் சீட்டுகளைப் பார்த்தவருக்கு இன்று பல்லாயிரம் வரிகள் வந்து குவிவதால் அது கூடியும் இருக்கிறது. அதற்கும் மேலாக ஒன்று உண்டு. அகராதியின் ஒழுங்கு பெரும்பகுதி அதைத் தொகுத்தவர்களின் நினைவில்தான் இருக்கிறது. இந்த வினையின் பெயரெச்சத்தை ஏன் தனித் தலைச்சொல்லாக வைத்தோம், இந்த வட்டாரச் சொல்லை எந்தச் சான்றை நம்பிச் சேர்த்தோம், இந்த இரண்டு பொருள்களை ஏன் பிரித்தோம், அந்த இரண்டை ஏன் சேர்த்தோம் என்பன நடைக்கையேட்டில் ஓரளவுக்கே பதிவாகும். மீதி, அடுத்த நாற்காலியில் இருப்பவரைக் கேட்டுத் தெரிந்துகொள்வது. ஓராண்டு ஒப்பந்தம், பதினொரு மாத ஒப்பந்தம், நிதி கிடைத்தால் நீட்டிப்பு என்று ஆட்களை மாற்றிக்கொண்டே போகும் திட்டத்தில் அந்த நாற்காலி காலியாகிவிடுகிறது. புதிதாக வருபவர் முதல் சில மாதங்களைக் கற்றுக்கொள்வதில் செலவிடுகிறார். கற்றுத் தேறியதும் ஒப்பந்தம் முடிகிறது. அடுத்தவர் வந்து, முன்னவர் செய்த முடிவின் காரணம் தெரியாமல் அதைக் கலைக்கிறார். முதற்பாதியில் ஒரு நெறியும் பிற்பாதியில் வேறு நெறியுமாக அச்சேறிய அகராதிகள் இப்படித்தான் பிறக்கின்றன.

ஆகவே ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். நிரந்தரப் பணியிடம் தர இயலாதபோதும், தொகுப்புப் பணிக்கான ஒப்பந்தம் மூன்று ஆண்டுகளுக்குக் குறையாமல் இருக்கட்டும். ஒப்பந்தத்தின் கடைசி இரண்டு மாதங்களைப் பொறுப்பு ஒப்படைப்புக்கென்றே ஒதுக்கி, அந்த மாதங்களில் புதிய பதிவுகளை எதிர்பார்க்காமல், எடுத்த முடிவுகளையும் அவற்றின் காரணங்களையும் எழுதிவைக்கச் சொல்லுங்கள். நிதி ஒதுக்கும் அமைப்புகளுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு தரவகத்தையோ அகராதியையோ உருவாக்கப் பணம் தருகிறீர்கள். உருவாக்கி முடித்ததைப் பேண எவருக்கும் சம்பளம் தருவதில்லை. இணைய வழங்கி (சர்வர்) நின்றுபோய், எழுத்துருக் குறியாக்கம் பழையதாகி, உரிமம் யாரிடம் இருக்கிறது என்றே தெரியாமல் எத்தனையோ சொற்றொகுப்புகள் கிடக்கின்றன. பேணுநர் என்ற பணியிடத்தை முதல் நாள் வரவு செலவுத் திட்டத்திலேயே எழுதுவதைத் தவிர இதற்கு வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

நிதியின் போக்கு மாறும்போது ஆட்கள் சிதறுவது இந்தத் துறைக்குப் புதிதல்ல. இயந்திர மொழிபெயர்ப்பு ஆய்வை மதிப்பிட அமெரிக்காவில் அமைக்கப்பட்ட ஆல்பேக் குழுவின் 1966ஆம் ஆண்டு அறிக்கை, அது எதிர்பார்த்த பலனைத் தரவில்லை என்று சொன்னபின், அந்த ஆய்வுக்கான அரசு நிதி அங்கே பெரிதும் வற்றிப்போனது. கணினிமொழியியலை அடிப்படை அறிவியலாக ஆதரிக்க வேண்டும் என்று அதே அறிக்கை பரிந்துரைத்ததைக் கேட்டவர்கள் குறைவு. அடிப்படை வேலையில் பயின்றவர்களை நிதி குறைந்த ஆண்டுகளிலும் கைவிடாமல் வைத்திருந்த நிறுவனங்களே பின்னர் வந்த வாய்ப்புகளுக்கு ஆயத்தமாக இருக்க முடியும். இன்று, தாமே உரை எழுதும் கணினி அமைப்புகளான பெரும் மொழி மாதிரிகளின் பின்னால் பணம் ஓடுகிறது. அது திசை மாறும் நாளிலும் உருபனியல் தெரிந்தவரும் விளக்கம் எழுதத் தெரிந்தவரும் உங்களுக்குத் தேவைப்படுவார்கள்.

தகுதியைப் பற்றி. முனைவர் பட்டம் கட்டாயம் என்ற வரி ஏறத்தாழ எல்லா அறிவிப்புகளிலும் இருக்கிறது. ஆய்வை வழிநடத்தும் பணிக்கு அது பொருந்தலாம். பதிவு எழுதும் பணிக்கு ஏன் என்று எனக்குப் புரியவில்லை. மரே பதினான்கு வயதில் பள்ளிப் படிப்பை விட்டவர் என்பதை இங்கே நினைவூட்டுவது மிகையாகாது. பட்டம் வேண்டாம் என்று நான் வாதாடவில்லை; ஆய்வேட்டை எழுதி முடிக்கும் ஆற்றல் வேறு, ஒரு சொல்லின் பொருளை இருபது சொற்களுக்குள் பிசகின்றிச் சொல்லும் ஆற்றல் வேறு என்பதை மட்டும் சொல்கிறேன். பின்னதை உடையவர்கள் பதிப்பகங்களில் மெய்ப்புப் பார்ப்பவர்களாகவும், மொழிபெயர்ப்பாளர்களாகவும், பள்ளி ஆசிரியர்களாகவும் இருக்கிறார்கள். அறிவிப்பின் முதல் வரியே அவர்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. கணினிப் பக்கத்திலும் இதே நிலைதான்: ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கையைக் கேட்கிறீர்கள், தமிழைப் போல் விகுதிகள் அடுத்தடுத்து ஒட்டும் ஒட்டுநிலை மொழி ஒன்றுக்கு உருபனியல் பகுப்பியை அமைத்து, பல ஆண்டுகளாகத் திருத்தி, பொதுவில் வைத்திருப்பவருக்கு அந்த எண்ணிக்கையில் இடமே இல்லை. கிம்மோ கொஸ்கென்னியெமி 1983இல் பின்னிய மொழிக்காக வகுத்த, சொல்லின் அடிப்படை வடிவத்தையும் எழுதப்படும் வடிவத்தையும் இணைக்கும் ஈரடுக்கு உருபனியல் முறையைத் தழுவிப் பல மொழிகளில் பகுப்பிகள் எழுந்தன. அப்படிப்பட்ட வேலையின் பயன் கட்டுரைப் பட்டியலில் தெரியாது, அதைப் பயன்படுத்தும் கருவிகளில்தான் தெரியும்.

பட்டத்துக்குப் பதில் எதைக் கொண்டு அளப்பது என்று கேட்பீர்கள். வேலையைக் கொண்டே அளக்கலாம். தரவகத்திலிருந்து 'எடு' போன்ற ஒரு வினைச்சொல்லுக்கு ஐம்பது வரிகளைக் கொடுத்து, இரண்டு மணி நேரத்தில் பொருள்களைப் பிரித்து, மூன்றுக்கு மட்டும் விளக்கம் எழுதச் சொல்லுங்கள். கையில் எடுப்பது, பசி எடுப்பது, விடுப்பு எடுப்பது, படம் எடுப்பது, செய்து முடிக்க நாள் எடுப்பது ஆகியவற்றை விண்ணப்பதாரர் எப்படி அணுகுகிறார், எந்த இடத்தில் தயங்குகிறார், தயக்கத்தை எப்படிக் குறித்து வைக்கிறார் என்று பார்த்தால் அவரைப் பற்றி ஒரு மணி நேர நேர்காணல் சொல்லாததெல்லாம் தெரிந்துவிடும். கணினிமொழியியல் பணிக்கு, தவறுகள் உள்ள ஒரு குறியிட்ட கோப்பைக் கொடுத்து, தவறுகளை வகைப்படுத்தச் சொல்லலாம். நிரல் எழுதும் புதிர்களைவிட இது நேர்மையான தேர்வு.

ஆனால் அந்தத் தேர்வு சிறிதாக இருக்க வேண்டும்; அதற்கு ஊதியமும் தர வேண்டும். மாதிரிப் பணி என்ற பெயரில் ஒவ்வொரு விண்ணப்பதாரரிடமும் பல பத்துப் பதிவுகளை எழுதி வாங்குகிற வழக்கம் உருவாகியிருக்கிறது. எனக்குத் தெரிந்த ஓர் இளம் தொகுப்பாளர் ஒரு நிறுவனத்துக்கு அப்படி எழுதி அனுப்பினார். வேலை கிடைக்கவில்லை, பதிலும் வரவில்லை. அவர் எழுதிய விளக்கங்களில் சில, சொல் மாறாமல், பிறகு அந்த நிறுவனத்தின் செயலியில் இருந்தன. அந்த இளைஞர் இத்துறையை விட்டே போய்விட்டார். தேர்வுக்காக எழுதப்பட்டவை எவ்வகையிலும் பயன்படுத்தப்படமாட்டா என்று அறிவிப்பிலேயே ஒரு வரி எழுதுவது உங்களுக்குப் பெரிய பாரமில்லை.

ஊதியத்தைத் தகுதிக்கேற்ப வழங்குவோம் என்று எழுதுவதை விட்டுவிட்டுத் தொகையை எழுதுங்கள். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பதிவுக்கு இவ்வளவு என்று எண்ணிக் கொடுக்கும் கூலி முறையைப் பற்றித்தான் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு மரத்தின் பெயருக்கான பதிவும் 'விடு' என்ற வினைக்கான பதிவும் எண்ணிக்கையில் ஒன்றே, உழைப்பில் ஒன்றல்ல. ஆக்ஸ்போர்டு அகராதியின் 1989ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பில் 'செட்' என்ற ஒற்றை வினை 430 பொருள்களோடு ஒரு சிறு நூலின் அளவுக்கு நீள்கிறது. எண்ணிக்கைக் கூலி வாங்குபவர் இப்படிப்பட்ட சொற்களைத் தள்ளிப்போடுவார், அல்லது அவசரமாக நான்கு பொருள்களோடு முடித்துவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. வீட்டு வாடகை அந்த எண்ணிக்கையில்தான் இருக்கிறது. மொழியில் மிகுதியாகப் புழங்கும் சொற்களே அகராதியில் மிக மோசமாக விளக்கப்பட்டிருப்பதற்கு இந்தக் கூலி முறை ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன். மணிக்கணக்கில் கொடுங்கள், மாதச் சம்பளமாகக் கொடுங்கள். எண்ணிக்கை வேண்டுமென்றால் பதிவின் கடினத்துக்கேற்ப வகுத்துக் கொடுங்கள்.

தரவு குறைந்த மொழிகளுக்கான பணியிடங்களில் 'தாய்மொழியாளர்' என்ற நிபந்தனையைப் பார்க்கும்போதெல்லாம் மகிழ்ச்சியும் வருத்தமும் ஒருங்கே உண்டாகின்றன. மொழி பேசுபவர்களைத் தேடுகிறார்கள் என்பது மகிழ்ச்சி. அதே திட்டத்தில் பொறியாளருக்கு முழுநேரப் பணியிடமும், மொழியறிந்தவருக்கு மணிக்கூலியும் என்று பிரித்திருப்பது வருத்தம். பிராக் நகரின் சார்ல்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவான, வாக்கியங்களின் இலக்கண அமைப்பை மரக்கிளைபோல் குறித்துக்காட்டும் தமிழ் மரவங்கியில் 600 வாக்கியங்கள் இருக்கின்றன. பல மொழிகளின் மரவங்கிகளை ஒரே நெறியில் திரட்டும் அனைத்துலகச் சார்புநிலை மரவங்கித் தொகுப்பில் சேர்ந்து உலகெங்கும் பயன்படும் அந்தச் சிறிய தொகுப்பில் ஒருவர் எழுவாயை எப்படிக் குறித்தார், துணைவினையை எங்கே பிரித்தார் என்பனவற்றிலிருந்து எத்தனையோ கருவிகள் தமிழ் இலக்கணத்தைக் கற்றுக்கொண்டன. தரவு குறைந்த மொழியில் ஒரு குறியிடுநரின் முடிவுக்கு அவ்வளவு கனம் உண்டு. அந்த முடிவை எடுப்பவரை இடையில் வந்து போகும் உதவியாளராகக் கருதி அறிவிப்பு எழுதுவது எந்த வகையில் பொருந்தும்? பிறப்பால் ஒரு மொழியைப் பேசுவதும் அந்த மொழியைப் பகுத்தாய்வதும் வெவ்வேறு திறன்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தாய்மொழியாளர் என்ற நிபந்தனை மட்டும் போதாது. குறியிடும் நெறிகளை எழுதும் பொறுப்பையும், நெறியோடு உடன்படாதபோது மறுத்துப் பேசும் உரிமையையும் அவருக்குக் கொடுத்து, அதற்கேற்ற பதவிப்பெயரையும் சம்பளத்தையும் வையுங்கள்.

அண்மைக் காலத்தில் பெருகியிருக்கும் இன்னொரு வகை அறிவிப்பு, மொழி மாதிரிகளின் விடைகளைப் படித்து மதிப்பெண் இடவும் திருத்தவும் மொழியியலாளர்களைத் தேடுகிறது. இந்த வேலையை நான் இழிவாகக் கருதவில்லை. கவனமாகச் செய்தால் இதுவும் மொழிக்குச் செய்யும் பணிதான். ஆனால் இத்தகைய அறிவிப்புகளில் பல, விடை எந்தப் பயன்பாட்டுக்குப் போகிறது என்று சொல்வதில்லை; வன்முறையும் வசையும் நிறைந்த உரைகளைப் படிக்க வேண்டியிருக்குமா என்று சொல்வதில்லை; வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை உறுதி என்றும் சொல்வதில்லை. இவற்றை முன்கூட்டியே சொல்வது பணியாளரின் உடல்நலத்தையும் மனநலத்தையும் பற்றிய அடிப்படைக் கடமை. அகராதிப் பதிப்பகங்களில் சில, கணினி எழுதிய விளக்கங்களைத் திருத்த மட்டும் ஆட்களைத் தேடுகின்றன. கணினி வரைவு தரட்டும். அந்த வரைவு எந்தச் சான்றின் மீது நிற்கிறது என்று தரவகத்தில் சென்று பார்ப்பதற்கான நேரத்தைப் பணி விவரத்தில் சேர்த்திருக்கிறீர்களா என்பதுதான் என் கேள்வி. சான்றைப் பார்க்காமல் வாக்கியத்தை மட்டும் செப்பனிட்டால், படிக்க அழகாகவும் பொருளில் பிழையாகவும் இருக்கும் விளக்கம் அச்சாகும். அதைக் கண்டுபிடிக்கக்கூடியவரின் பணியிடத்தைத்தான் நீங்கள் நீக்கியிருப்பீர்கள்.

பெயரிடுவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இலத்தீன் பேரகராதியில் ஒவ்வொரு கட்டுரையின் கீழும் எழுதியவரின் பெயர் இருக்கிறது. பெரும்பாலான அகராதிகளில் முன்னுரையின் கடைசிப் பத்தியில் பெயர்ப்பட்டியல் இருக்கும். இணைய அகராதிகள் பலவற்றில் அதுவும் இல்லை. இரகசியம் காக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டுப் பல ஆண்டுகள் வேலை செய்த தொகுப்பாளர், வெளியே வரும்போது அடுத்த நிறுவனத்திடம் காட்ட ஒரு பதிவுகூட இல்லாமல் வருகிறார். அடுத்த அறிவிப்போ 'வெளியான பணிகளின் மாதிரிகளை இணைக்கவும்' என்று கேட்கிறது. ஒரு பக்கம் காட்டக்கூடாது என்றும் மறுபக்கம் காட்டு என்றும் சொன்னால் அவர் என்ன செய்வார்? வெளியான பதிவுகளில் தாம் எழுதியவை இவை என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை ஒப்பந்தத்தில் ஒரு விதியாகச் சேருங்கள். குறியிட்ட தரவை வெளியிடும்போது குறியிடுநர்களின் பெயர்களை, அவர்கள் விரும்பினால், தரவோடு சேர்த்தே வெளியிடுங்கள். இதற்குச் செலவு எதுவும் இல்லை.

சிறு செய்திகள் சில மீதமிருக்கின்றன. விண்ணப்பிக்கக் குறைந்தது நான்கு வாரம் கொடுங்கள். வீட்டிலிருந்து செய்யக்கூடிய வேலையா என்பதைத் தெளிவாக எழுதுங்கள். தரவகமும் தொகுப்பு மென்பொருளும் வலைவழியே கிடைக்கும்போது ஊர் மாறக் கட்டாயப்படுத்த வேண்டிய தேவை அரிது. உள்ளுக்குள் ஏற்கெனவே ஒருவரை முடிவு செய்துவிட்டு விதிக்காக அறிவிக்கும் பணியிடங்களுக்கு ஊரெல்லாம் விண்ணப்பம் வாங்காதீர்கள். தேர்வாகாதவர்களுக்கு ஒரு வரியாவது பதில் எழுதுங்கள்.

நிதிநிலை இடம் தராது, நிருவாக விதி இடம் தராது என்று நீங்கள் சொல்லக்கூடியவற்றையும் நான் அறிவேன். அவற்றில் சில உண்மையும்கூட. ஆனால் வேலையை விவரிப்பதற்கோ, தொகையை எழுதுவதற்கோ, தேர்வுத் தாளைப் பயன்படுத்தமாட்டோம் என்று உறுதி கூறுவதற்கோ, பெயர் குறிப்பிடுவதற்கோ எந்த விதியும் தடையாக இல்லை. இந்த நான்கையும் உங்கள் அடுத்த அறிவிப்பிலேயே செய்துவிடலாம். பணிக்காலத்தை நீட்டுவதும் பேணுநர் பணியிடத்தை உருவாக்குவதும் அடுத்த நிதிக் கோரிக்கையை எழுதும்போது செய்ய வேண்டியவை. அந்தக் கோரிக்கையின் வரைவில் இவற்றைச் சேர்த்து அனுப்புங்கள், மறுத்தால் ஏன் மறுத்தார்கள் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அறிவிப்பின் வரைவை வெளியிடுமுன், ஏற்கெனவே அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கும் தொகுப்பாளர் ஒருவரிடமும் குறியிடுநர் ஒருவரிடமும் படிக்கக் கொடுத்து, 'நீங்கள் செய்வது இதுதானா?' என்று கேளுங்கள். அவர்கள் திருத்திக் கொடுப்பதை அப்படியே வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
அகராதிப் பணியாளர் ஒருவர்